ஏப்ரல் 5: மூன்று நிமிடத்தில் எதைச் சொல்வது?

கேள்வி: அலைவரிசை_தாரணி

எல்லாருக்கும் வணக்கம். கொழும்பில் ஒரு தமிழ் வானொலியில் காலை நிகழ்ச்சி செய்கிறேன். செய்தி முடிந்ததும் 'வரலாற்றில் இன்று' என்று மூன்று நிமிடப் பகுதி ஒன்று போகும். இவ்வளவு நாளும் அதைச் செய்த அண்ணா வேறு வேலைக்குப் போய்விட்டார். இப்போது அது என் கைக்கு வந்திருக்கிறது. எனக்குக் கிடைத்த முதல் திகதி ஏப்ரல் 5. இந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமை, உயிர்த்த ஞாயிறும்கூட. கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, முகத்துவாரம் பக்கத்தில் நிறையப் பேர் பூசைக்கு வெளிக்கிடும் நேரத்தில் கேட்பார்கள்.

இணையத்தில் தேடினால் முடிவில்லாமல் வருகிறது. பிறந்தவர்கள்: தோமஸ் ஹொப்ஸ் 1588, ஜோசப் லிஸ்டர் 1827, புக்கர் டி. வாஷிங்டன் 1856, ஜகஜீவன் ராம் 1908, கிரெகரி பெக் 1916, கொலின் பவல் 1937, ராஷ்மிகா மந்தனா 1996. நிகழ்வுகள்: 1722இல் ரோகவீன் ஈஸ்டர் தீவைக் கண்டது, 1930இல் காந்தி தண்டியில் உப்பு அள்ளியது, 1942இல் கொழும்பில் ஜப்பான் குண்டு, 1955இல் சர்ச்சில் பதவி விலகியது, 1971இல் வெள்ளவத்தை பொலிஸ் நிலையத் தாக்குதல், 1975இல் சியாங் காய்-ஷேக் மரணம், 1994இல் கர்ட் கோபேன் மரணம்.

முன்பு செய்தது போல எல்லாவற்றையும் பின்னணி இசையோடு ஒரே மூச்சில் வாசித்துப் பார்த்தேன். நேரத்துக்குள் அடங்குகிறது. ஆனால் பக்கத்தில் இருந்து கேட்ட அம்மாவிடம் "என்ன ஞாபகம் இருக்கு?" என்றால், "யாரோ பிறந்தார்கள், யாரோ செத்தார்கள்" என்கிறார். எங்கள் தயாரிப்பாளர் நடிகை ராஷ்மிகாவை மட்டும் நீக்க வேண்டாம் என்கிறார், இளசுகள் கேட்பார்களாம். எதை வைப்பது, எதை விடுவது? 1971ஐ உயிர்த்த ஞாயிறு காலையில் தொடலாமா? ஓட்டிப் பழகியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: மட்டக்குளி_ரொஷான்

ராஷ்மிகாவைக் கட்டாயம் வையுங்கள் அக்கா. குடகுப் பக்கம் விராஜ்பேட்டையில் பிறந்தவர். கன்னடத்தில் தொடங்கி, தெலுங்கில் பெயர் எடுத்து, தமிழுக்கும் ஹிந்திக்கும் போனவர். ஒரு வரி போதும். என் தங்கச்சி மாதிரி ஆட்கள் அந்த ஒரு வரிக்காக மற்றதையும் கேட்பார்கள்.

பதில்: ஈய_எழுத்து

தாரணி மகள், நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ஆசிரியர் பீடத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். உள்பக்கத்தில் இதே தலைப்பில் ஒரு பெட்டிச் செய்தி வரும். ஈய எழுத்துக் கோத்த காலத்தில் இருந்து கணினி வந்த பிறகும் அந்தப் பெட்டி என் மேசையில்தான் இருந்தது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் பட்டியலில் திருத்த வேண்டியவை. காந்தி ஏப்ரல் 5ஆம் திகதி உப்பு அள்ளவில்லை. மார்ச் 12இல் சபர்மதியில் இருந்து கிளம்பியவர் ஏப்ரல் 5இல் தண்டிக்கு வந்து சேர்ந்தார். உப்பை எடுத்துச் சட்டத்தை மீறியது மறுநாள் 6ஆம் திகதி காலை. அதை 6ஆம் திகதிக்கு ஒதுக்கி வையுங்கள். அப்புறம் 1971இல் தாக்கப்பட்டது வெள்ளவத்தை அல்ல, வெல்லவாய. மொனராகலை மாவட்டத்தில் இருக்கிறது. காலி வீதியில் நிற்கும் ஒரு பொலிஸ் நிலையத்தை வானொலியில் தாக்க வைத்தால் வெள்ளவத்தை முழுவதும் தொலைபேசி எடுக்கும். ஹொப்ஸின் திகதியும் அவ்வளவு நேரானதல்ல. 1588இல் இங்கிலாந்து இன்னும் ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, 1752இல்தான் மாறியது. அவர் பிறந்த அன்று ரோமில் ஏப்ரல் 15. அவரை விட்டுவிடலாம். சர்ச்சில், கிரெகரி பெக், கோபேன் எல்லாரும் பெரிய ஆட்கள்தான். ஆனால் ஆளுக்கு ஆறு விநாடி கொடுத்து அவர்களுக்கும் நன்மை இல்லை, கேட்பவருக்கும் நன்மை இல்லை.

இனி வைக்க வேண்டியது. மகள், நீங்கள் ஒலிபரப்புவது கொழும்பில் இருந்து. இந்த ஊரின் மேல் போர் விமானங்கள் வந்து குண்டு போட்ட நாள் உங்கள் கையில் கிடைத்திருக்கிறது. மூன்றில் இரண்டு நிமிடத்தை அதற்கே கொடுங்கள். ஆனால் 'ஜப்பான் குண்டு போட்டது' என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள், எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லுங்கள்.

முதல் நாளில் இருந்து தொடங்கலாம். 1942 ஏப்ரல் 4. காலிக்குப் பக்கத்தில் கொக்கல வாவி இருக்கிறதே, அங்கே நீரில் இறங்கும் கட்டலினா விமானங்கள் நின்றன. அதில் ஒன்றை ஓட்டிப் போனவர் லெனார்ட் பேர்ச்சல் என்ற கனேடியர். இலங்கைக்குத் தென்கிழக்கே வெகுதூரத்தில் ஜப்பானியக் கப்பல் படையைக் கண்டார். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானத்தைச் சுட்டு விழுத்திவிட்டார்கள். அவர் பிடிபட்டு, போர் முடியும் வரை ஜப்பானில் கைதியாக இருந்து, உயிரோடு ஊர் திரும்பினார். அவர் அனுப்பிய செய்தி கொழும்புக்கு வந்து சேர்ந்தது. துறைமுகத்தில் நெருக்கிக்கொண்டு நின்ற கப்பல்களில் பலவற்றை வெளியே அனுப்பி விட்டார்கள். அந்த ஒரு செய்தி வராமல் இருந்திருந்தால் துறைமுகத்தில் என்ன நடந்திருக்கும் என்று கேட்பவர்களே நினைத்துக்கொள்வார்கள்.

மறுநாள் ஞாயிறு, காலை ஏழரை மணியைத் தாண்டிய நேரம். ஐந்து விமானம் தாங்கிக் கப்பல்களில் இருந்து கிளம்பிய விமானங்கள், நூற்றுக்கும் மேல், கொழும்புக்கு மேல் வந்தன. நான்கு மாதத்துக்கு முன் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய, ஜப்பானியத் தளபதி நகுமோவின் அதே படை இது. துறைமுகத்தில் ஹெக்டர், டெனடோஸ் என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. இரத்மலானை விமானத் தளம் தாக்கப்பட்டது. அங்கொடை மனநோய் வைத்தியசாலையிலும் குண்டு விழுந்தது. ரீட் மாவத்தைக் குதிரைப் பந்தயத் திடலில் பிரித்தானியரின் ஹரிகேன் போர் விமானங்கள் நின்றது ஜப்பானியருக்குத் தெரியாது. அங்கிருந்து அவை எழும்பிப் போய்ச் சண்டை பிடித்தன. இன்றைக்கு அதே இடத்தில், பழைய பார்வையாளர் மண்டபத்தின் கீழே, கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. உங்கள் வயதுப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் குடிக்கப் போகும் இடம். இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். ரொஷான் தம்பியின் தங்கச்சிகூட அங்கே போயிருப்பார்.

கதை காலையோடு முடியவில்லை. அன்று மத்தியானம், இலங்கைக்குத் தென்மேற்கே கடலில், டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்ற இரண்டு பெரிய பிரித்தானியப் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் கண்டன. கொஞ்ச நேரத்துக்குள் இரண்டும் அடியில் போய்விட்டன. 424 பேர் இறந்தார்கள். மிச்சம் 1,122 பேர் மறுநாள் பின்னேரம் வரை தண்ணீரில் கிடந்து மீட்கப்பட்டார்கள். நான்கு நாள் கழித்து, 9ஆம் திகதி, திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றுதான் மட்டக்களப்புக்கு நேரே கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானம் தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதை 9ஆம் திகதிக்கு வையுங்கள், கிழக்கு மாகாணத்து நேயர்கள் காத்திருப்பார்கள்.

இப்போது மிக முக்கியமான ஒன்று. இதற்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். பழைய கொழும்புக்காரர் யாரும் 'ஏப்ரல் 5' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'உயிர்த்த ஞாயிறு குண்டு போட்டது' என்பார்கள். ஆங்கிலப் புத்தகங்களும் அந்தத் தாக்குதலை ஈஸ்டர் ஞாயிறோடு சேர்த்தே சொல்லும். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு அந்தச் சொற்களை அப்படி எடுத்து வைக்க முடியாது. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள். அந்த உயிர்த்த ஞாயிறு தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் போனார்கள். உயிர்த்த ஞாயிறு காலையில் ஒரு வீட்டில் வானொலி பாடிக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டில் இருந்து ஒருவர் அன்று பூசைக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அந்த நேரம் உங்கள் குரல் "உயிர்த்த ஞாயிறு, கொழும்பில் குண்டு" என்று தொடங்கினால், அடுத்த சொல் வருவதற்குள் அந்தத் தாய்க்கு என்ன ஆகும்?

அதனால் வசனத்தின் வரிசையை மாற்றுங்கள். முதல் சொல் '1942'. அடுத்து 'இரண்டாம் உலகப் போர்'. பிறகு 'ஜப்பானிய விமானங்கள்'. அன்று உயிர்த்த ஞாயிறு என்பதைக் கடைசியில், குரலைத் தாழ்த்திச் சொன்னால் போதும். பத்திரிகையில் வாசகன் கண்ணை மேலே கீழே ஓட்டித் திரும்ப வாசிப்பான். வானொலியில் அந்த வசதி கிடையாது.

முடிக்கும்போது 1951ஐத் தொடுங்கள். சன்பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கையின் நிதி அமைச்சராக இருந்த ஜே. ஆர். ஜயவர்தன, இந்த விமானத் தாக்குதல்களால் வந்த சேதத்தையும் குறிப்பிட்டார். பிறகு, வெறுப்பு வெறுப்பால் தணியாது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, ஜப்பானிடம் நட்டஈடு கேட்கப் போவதில்லை என்றார். அரசியலில் அவரைப் பற்றி எங்களுக்கு எவ்வளவோ சொல்ல இருக்கிறது. அந்தப் பேச்சு நல்ல பேச்சு.

1971 பற்றிக் கேட்டீர்கள். தொடத்தான் வேண்டும். ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) என்ற இடதுசாரிக் கட்சியின் இளைஞர்கள் அரசாங்கத்துக்கு எதிராக ஆயுதம் எடுத்த கிளர்ச்சி அது. அதிகாலையில் வெல்லவாய தாக்கப்பட்டது. மற்ற இடங்களில் அன்று இரவுக்குத்தான் திட்டம். இரகசியச் செய்தியை விளங்கியதில் ஏற்பட்ட குழப்பத்தால் வெல்லவாயக்காரர்கள் முந்திவிட்டார்கள். கட்சித் தலைவர் றோகண விஜேவீர அப்போது யாழ்ப்பாணத்தில் தடுப்பில் இருந்தார். இறந்தவர் தொகையில் இன்றும் ஒத்த கணக்கு இல்லை. அரசாங்கம் சொன்னது ஒன்று, மற்றவர்கள் சொல்வது அதைவிட எத்தனையோ மடங்கு. ஆகவே எண் சொல்லாதீர்கள். 'பெரும்பாலும் இளைஞர்கள்' என்று சொல்லுங்கள், அது உண்மை. ஜே.வி.பி. இன்றும் ஏப்ரல் 5ஐ நினைவு நாளாகக் கொண்டாடுகிறது.

பிறப்புகளில் ஒருவரை மட்டும் எடுப்பதென்றால் ஜகஜீவன் ராம். பிகாரில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்து இந்தியாவின் துணைப் பிரதமர் வரை போனவர். 1971 ஏப்ரல் 5 அவருடைய 63ஆவது பிறந்தநாள், அன்று அவர் இந்தியாவின் பாதுகாப்பு அமைச்சர். கிளர்ச்சியை அடக்க அப்போதைய பிரதமர் சிறிமாவோ அம்மையார் உதவி கேட்டதும் இந்தியா ஹெலிகொப்டர்களை அனுப்பியது. பாகிஸ்தானும் அனுப்பியது. ஒரே நேரத்தில் இலங்கைக்கு உதவிய அந்த இரண்டு நாடும் டிசம்பரில் ஒன்றோடொன்று போருக்குப் போயின, பங்களாதேஷ் பிறந்தது. அப்போதும் அமைச்சர் அவர்தான். பிறந்தநாளையும் நிகழ்வையும் இப்படிக் கோக்க முடிந்தால் கேட்பவர் மறக்க மாட்டார்.

பதில்: இரவுக்கடமை_தாதி

ஐயா சொன்னதில் எனக்கு ஒரு குறை. லிஸ்டரை ஏன் விட்டீர்கள்? நான் பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை வார்ட்டில் வேலை செய்தவள். அவர் இல்லாவிட்டால் எங்கள் வேலையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

1865இல் கிளாஸ்கோவில் 11 வயதுப் பையன் ஒருவனுடைய காலில் வண்டிச் சில்லு ஏறி, எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. அந்தக் காலத்தில் அப்படியான காயம் என்றால் சீழ் பிடிக்கும், காலை வெட்டுவார்கள், அல்லது ஆள் போய்விடும். லிஸ்டர் கார்போலிக் அமிலத்தில் நனைத்த துணியால் காயத்தைக் கட்டினார். சீழ் பிடிக்கவில்லை. ஆறு கிழமையில் எலும்பு பொருந்திப் பையன் எழும்பி நடந்தான். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான் அழுகலுக்குக் காரணம் என்று பாஸ்டர் சொன்னதைப் படித்துவிட்டு அவர் செய்த வேலை அது.

எங்கள் வார்ட்டில் கட்டு மாற்றும்போது நாங்கள் கையைக் கழுவிவிட்டு, முழங்கைக்கு மேலே எதையும் தொடாமல், விரல்களை மேல்பக்கமாகப் பிடித்துக்கொண்டு நிற்போம். தண்ணீர் முழங்கைப் பக்கமாக வழிய வேண்டும், விரலுக்குத் திரும்பி வரக்கூடாது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் அவருடைய பெயரில் இருந்துதான் தொடங்குவேன். பதினைந்து விநாடி கொடுங்கள் தங்கச்சி. ஞாயிறு காலையிலும் வார்ட்டில் வானொலி கேட்பார்கள்.

பதில்: கொட்டகலை_டு_கொழும்பு

நான் கொழும்பில் வேலை செய்யும் மலையகத்துப் பெடியன். இரண்டு விஷயம்.

புக்கர் டி. வாஷிங்டனை விட வேண்டாம். அவர் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். தன் வாழ்க்கைக் கதையில், தான் பிறந்த சரியான இடமும் திகதியும் தனக்கே தெரியாது என்று எழுதியிருக்கிறார். 1856 ஏப்ரல் 5 என்பது பிற்பாடு ஏற்றுக்கொள்ளப்பட்ட திகதி. அடிமைப் பிள்ளையின் பிறப்பை யார் எழுதி வைக்கப் போகிறார்கள்? எங்கள் அம்மாயி தோட்டத்தில் பிறந்தவர். எப்போது பிறந்தீர்கள் என்றால், "காமன் கூத்து முடிஞ்ச கிழமை" என்பார். அடையாள அட்டைக்கு ஒரு திகதி தேவைப்பட்டது, எழுதினவர் ஒன்றைப் போட்டார். வருஷா வருஷம் அந்தத் திகதியில் நாங்கள் கேக் வெட்டினால் அவருக்குச் சிரிப்பு வராது, கோபம்தான் வரும். 'இன்று பிறந்தவர்கள்' என்ற பட்டியலில் பெயர் வர, முதலில் பிறப்பைப் பதிந்து வைக்கும் ஒருவர் வேண்டும். அந்த மனிதர் அது இல்லாமலே வந்து, டஸ்கீகியில் கறுப்பினப் பிள்ளைகளுக்காகக் கல்விச்சாலையை வளர்த்தார்.

இரண்டாவது, 1971. ஐயா சொன்னபடி மரியாதையாகச் சொல்லுங்கள். ஆனால் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. ஜே.வி.பி. அந்தக் காலத்தில் இளைஞர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்'. அந்த வகுப்பில் தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவின் கருவியாகத்தான் பார்த்தார்கள். செத்த பிள்ளைகளுக்காக வருத்தப்படுகிறேன், அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அதே நேரம், அந்த வகுப்பு எங்கள் லயத்து ஆட்களைப் பற்றி என்ன சொன்னது என்பதையும் மறைக்கக்கூடாது. மூன்று நிமிடத்தில் இது அடங்காது என்றால் வேறொரு நாளுக்கு வையுங்கள், ஆனால் வையுங்கள்.

பதில்: அலைவரிசை_தாரணி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இப்படி ஒரு உதவி கிடைக்கும் என்று நினைக்கவில்லை. உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். தொடக்கம் இப்படி:

"1942. இரண்டாம் உலகப் போர். ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கல வாவியில் இருந்து கிளம்பிய ஒரு விமானம் ஜப்பானியக் கப்பல் படையைக் கண்டது. மறுநாள் காலை, நகுமோ தலைமையில் வந்த விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தையும் இரத்மலானையையும் தாக்கின. இன்று நாம் கடைகளுக்குப் போகும் ரீட் மாவத்தைப் பந்தயத் திடலில் இருந்து ஹரிகேன் விமானங்கள் எதிர்க்க எழுந்தன..."

துறைமுகம், திடல், நடுக்கடல் என்று போய் 1951இல் முடிகிறது. பிறகு 1971, ஜகஜீவன் ராம், லிஸ்டர். புக்கர் டி. வாஷிங்டனுக்கும் அந்த ஐந்து வகுப்புகளுக்கும் தனியாக ஒரு நாள் கேட்டிருக்கிறேன். மலையகம் பற்றி மே மாதத்தில் ஒரு கிழமை செய்யலாம் என்று தயாரிப்பாளர் சொன்னார். கொட்டகலைத் தம்பி, அப்போது உங்களோடு பேச வேண்டும், தனிச் செய்தி அனுப்புகிறேன். ராஷ்மிகாவைப் பாட்டுக்கு முன்னால் வாழ்த்தாகச் சொல்கிறேன், அந்தப் பகுதிக்குள் வேண்டாம் என்று தயாரிப்பாளரும் ஒத்துக்கொண்டார். ஐயா, ஒருமுறை பார்த்துச் சொல்வீர்களா?

பதில்: ஈய_எழுத்து

நன்றாக வந்திருக்கிறது மகள். ஒரு வசனத்தை மட்டும் மாற்றுங்கள். நகுமோ விமானத்தில் வரவில்லை, அவர் கப்பல் படையின் தளபதி, கடலிலேயே நின்றார். கொழும்புக்கு மேல் விமானங்களை நடத்தி வந்தவர் மிட்சுவோ புச்சிடா. "நகுமோவின் கப்பல்களில் இருந்து கிளம்பிய விமானங்கள்" என்று எழுதிவிட்டால் சரி. இடம் இருந்தால், அந்த ஐந்து தாங்கிக் கப்பல்களில் அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் இரண்டு மாதத்தில் மிட்வேயில் மூழ்கின என்றும் ஒரு வரி சேருங்கள். இடம் இல்லை என்றால் அதை விடுங்கள், 1,122 பேரை மட்டும் வெட்டாதீர்கள். தாதி அம்மாவின் லிஸ்டருக்கும் பதினைந்து விநாடி கட்டாயம் ஒதுக்குங்கள், அவர் சொன்னது சரி.